பன்னிரண்டாவது நாற்காலி

அத்தியாயம் ஒன்பது

பெரிய வியாழனன்று காலையில் என் தம்பிகள் இருவரும் ஒரே நேரத்தில் என் அறைக்குள் வந்தார்கள். மனுவேல் கிழக்குக் கதவு வழியாக வந்தான். இன்னாசி மேற்குக் கதவு வழியாக.

அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தபோது இந்த அறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அக்கா இருக்கும்வரை அக்காவுக்கு என்று விட்டுவிட்டார்கள். அதனால் எனக்கு இரண்டு பக்கமும் கதவு. கிழக்குப் பக்கத்தில் மனுவேல், எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்குப் பக்கத்தில் அவனுக்கு இளையவன் இன்னாசி, மிளகு வியாபாரம். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. என்னிடம் பேசுவார்கள், மற்றவன் காதில் விழும்படி.

"ஏனுங்கக்கா, நாற்காலியை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் மனுவேல்.

"நேத்தே நான் அதுக்கு எண்ணெய் போட்டுத் தொடைச்சு வச்சிருக்கேன்னு அவருகிட்டச் சொல்லுங்கக்கா," என்றான் இன்னாசி.

"எண்ணெய் போட்டாச் சொந்தமாயிருமான்னு கேளுங்க. அப்ப ஜீப்புக்கு டீசல் போடற பங்க்காரன் ஜீப்பை ஓட்டிட்டுப் போயிருவானா?"

"பங்க்காரனாச்சும் உழைக்கறான். சில பேரு உக்கார்றதுக்கு மட்டும் வருவாங்க."

"போதும்," என்றேன். இருவரும் நின்றார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. நான் போதும் என்றால் இன்னும் நிற்பார்கள். அது என் வளர்ப்பு.

நாற்காலி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஈட்டி மரம், கை வைத்தது. இந்தச் சண்டையைப் போன வாரம் பாதியில் விட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக அதன் வேரைச் சொல்கிறேன்.

வாழவந்திக்குப் போகிற வழியில் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் கோயில். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்து எல்லா ஊரிலும் செய்வதுதான். எங்கள் கோயிலில் மட்டும் அந்தப் பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சீடருடைய பெயர். முதலாவது சீடர்களுக்குத் தலைவரான இராயப்பர். அது தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுடையது. அதற்கு அடுத்த அருளப்பர் நாற்காலிக்கு ஒரு வீடு, அதற்கடுத்ததற்கு ஒரு வீடு, இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதற்கு வீடு கிடையாது. அது கோயில் நாற்காலி, கை இல்லாதது. காட்டிக்கொடுத்தவனுடைய இடம். அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெளியூரிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த யாரையாவது பேசிச் சரிக்கட்டி அதில் உட்காரவைப்பது வழக்கம்.

அப்பா இறந்த வருடம் இராயப்பர் நாற்காலிக்கு மனுவேலும் இன்னாசியும் கட்டிப் புரண்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த வருடம் பன்னிரண்டாவதற்கும் ஆள் அகப்படவில்லை. முதல் நாற்காலிக்கு ஆசைப்படுகிற வீடு கடைசி நாற்காலிக்கும் ஆள் தரட்டும் என்று மற்ற வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்களில் கடைசி சந்தியாகு. சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். மறுநாள் பெரிய வெள்ளி. எல்லோரும் சிலுவைப்பாதை முடித்து வந்தபோது தோட்டத்துக்குப் பின்னால் பாறைக்குக் கீழே அவன் கிடந்தான்.

வழுக்கி விழுந்தான். அன்று மழை பெய்திருந்தது, பாறை ஈரம். இதை எத்தனை முறை கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். யூதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் யூதாசைப் போலவே முடித்துக்கொண்டான் என்று ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பக்கம் கடைக்காரன் ஒருத்தன் பேசியதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் அவன் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு என் காதுபட யாரும் பேசியதில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டாவது நாற்காலியில் யாரும் உட்காரவுமில்லை. வெறும் நாற்காலியைப் போட்டு வைப்பார்கள். சாமியார் பதினொரு பேருக்குக் காலைக் கழுவிவிட்டு, அதன் முன்னால் தரையில் ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். வந்த சாமியார்களெல்லாம் அப்படியே செய்தார்கள். இந்த வருடம் வந்திருக்கிற புதுச் சாமியார்தான் நான்கு நாள் முன்பு குருத்து ஞாயிறன்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்: தண்ணீர் ஊற்றினால் காலில்தான் ஊற்றுவேன், தரையில் ஊற்றமாட்டேன், பன்னிரண்டு பேர் வேண்டும்.

ஊர் பழையபடி எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

"நாற்காலியை யாரு தூக்கறதுங்கறது அப்புறம்," என்றேன். "நம்ம ஊட்டுல இருந்து யாரும் கடைசி நாற்காலிக்குப் போறதில்லைன்னு கோயில் கூட்டத்துல சொல்லியாச்சா இல்லையா?"

இன்னாசி மேற்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனுவேலு?"

"ஷெர்வின் உக்கார்றேன்னு சொல்லிட்டானுங்கக்கா."

ஷெர்வின் மனுவேலின் மகன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பாஸ்கு, அதாவது ஈஸ்டர் விடுமுறைக்கு வந்திருந்தான். இன்னாசிக்கு ஒரே மகள் ஜெஸ்லின், அவள் சேலத்தில் நர்ஸ். ஆகவே இந்த இரண்டு வீட்டுக்கும் ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான்.

"அவன் சொன்னானா, நீ சொல்லவச்சயா?"

"என்ற பையன் கடைசில உக்காந்தா, நான் மொதல்ல உக்காரோணும். அதுதானுங்களே நாயம்? இனி அதுல ஒருத்தரும் போட்டிக்கு வர முடியாது."

இன்னாசி சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "பெத்த பையனையே அனுப்பறதுக்கு மனசு வந்திருச்சு பாருங்கக்கா. அன்னைக்கும் இப்படித்தான் சின்னவன் உக்காரட்டும்னாரு."

"அன்னைக்கு வாசப்படில நின்னு வேடிக்கை பார்த்தது யாருன்னு கேளுங்க!"

"போதும்," என்றேன் மறுபடியும். இந்த முறை என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போது வெளியே காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து விசில் சத்தம் வந்தது. யாரோ பூசைப் பாட்டு ஒன்றை விசிலில் பாடிக்கொண்டு வந்தார்கள். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு ஸ்வரத்தை மேலே தூக்கி விட்டார்கள். அப்படித் தூக்குகிறவன் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். அவனை மண்ணில் வைத்தாகிவிட்டது.

மூன்று பேரும் அசையாமல் நின்றோம். சன்னலில் ஷெர்வினுடைய முகம் வந்தது.

"என்னுங்க அத்தை, காலங்காத்தால மாநாடு? நாற்காலியை நான் தூக்கிட்டுப் போறேன். ரெண்டு பேரும் மூட்டுவலிக்காரங்க, கீழே போட்டுட்டுப் போயிராதீங்க."

அவனுக்கு அந்தப் பாட்டை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கோயிலில் எல்லோரும் பாடுகிற பாட்டுதான். விசிலுக்கு ஒரு ஸ்வரம் மேலே போவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

---

பகல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போனேன். ஒண்டிக்கடையில் இறங்கினால் விடுமுறைக் கூட்டம், கார்கள், பலாச்சுளை விற்பவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள். அதற்குள் நடந்து சாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சாமியாருக்கு என் தம்பிகளைவிட வயது குறைவு. எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க டீச்சரம்மா. இன்னைக்கு உங்க ஊட்டுல இருந்து ரெண்டாவது ஆளு நீங்க."

"மொதல்ல யாரு வந்தாங்க?"

"உங்க தம்பி இன்னாசி சம்சாரம் பிலோமினா அம்மா. ரெண்டு சீப்பு மலைவாழை கொண்டுவந்தாங்க. ஊட்டுக்காரருக்கு மொதல் நாற்காலி வேணுமாம். அந்தக் காலத்துல செபதேயு சம்சாரம் ஆண்டவருகிட்டத் தன் பசங்க ரெண்டு பேருக்கும் வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு கேட்டு வந்த மாதிரி. அந்தம்மா வாழைப்பழம் கொண்டுபோனதாக் கேள்வியில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வாழைப்பழத்தோடு போய் நாற்காலி கேட்டிருக்கிறாள். முகம் எரிந்தது.

"பழத்தைத் திருப்பி அனுப்பிருங்க ஃபாதர்," என்றேன். "நான் கேக்க வந்தது வேற. பழைய வழக்கத்தை மாத்தாதீங்க. கடைசி நாற்காலி காலியாவே இருக்கட்டும்."

அவர் பழத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு ஆண்டவர் யூதாஸ் காலைக் கழுவினாருங்களா, இல்லீங்களா?"

"அவன் அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டான். அதனாலதானே எங்க ஊர்ல அதைக் காலியா வைக்கறது."

"இல்லீங்க டீச்சரம்மா. காலைக் கழுவி, மறுபடியும் மேசைல உக்காந்து, அப்பத்தைத் தொட்டுக் கொடுத்தப்புறம்தான் அவன் வெளிய போறான். அவன் போறப்ப அவன் காலும் கழுவின காலுதான்."

அந்த வாசகத்தை நான் வருடம் தவறாமல் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. அவன் அங்கே உட்கார்ந்திருந்தான் என்பது ஒருவருக்கும் காதில் ஏறவில்லை. ஏறவேண்டாம் என்று இருந்துவிட்டோம் போலிருக்கிறது.

"இன்னொண்ணும் இருக்குது," என்றார் சாமியார். "அதே மேசைல, அன்னைக்கே, நம்மள்ல யார் பெரியவன்னு சண்டை போட்டாங்க. மறுநாள் சாகப் போறவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. இவ்வளவு நாள் கூடவே சுத்தினவங்க. காட்டிக்கொடுத்தவன் ஒருத்தன்தான், ஆனா அன்னைக்கு யாரு கண்ணும் அவரு மேல இல்லை. பக்கத்து ஆள் மேலதான் இருந்துச்சு."

"அவங்க மீன் பிடிக்கறவங்க ஃபாதர். சண்டை போடாம இருப்பாங்களா? எங்க ஊட்டுல யாரும் வலை இழுத்ததில்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

"ஒருத்தரும் வந்து உக்காரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"யார் காலையும் கழுவமாட்டேனுங்க. யாருக்கு எந்த நாற்காலின்னு நான் சொல்றதில்லை. வந்து உக்கார்றவங்க காலைக் கழுவுவேன்."

நான் எழுந்தேன். வாசல்வரை வந்தவர், மெல்லக் கேட்டார். "உங்க சின்னத் தம்பிக்கு ஒரு பூசை வைக்கட்டுங்களா?"

"வழுக்கி விழுந்தான் ஃபாதர்," என்றேன்.

அவர் கேட்டது அதுவல்ல என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

---

வீடு திரும்பும்போது பனி இறங்கியிருந்தது. இந்த மாதத்தில் பகலில் இப்படிப் பனி மூடுவது அபூர்வம். முதல் மழைக்குக் காப்பி பூத்திருந்ததால் பனியோடு அந்த வாசமும் கலந்து மூக்கில் ஏறியது. வெள்ளைக்குள் வெள்ளை. எங்கே செடி முடிகிறது, எங்கே பனி தொடங்குகிறது என்று தெரியவில்லை.

என் சன்னலைப் பற்றி முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சந்தியாகு பிந்தி வந்தால் கதவைத் தட்டமாட்டான். என் சன்னலை நகத்தால் சுரண்டுவான், நான் எழுந்து போய்த் திறப்பேன். அவன் போன பிறகும் பனி இறங்குகிற நாட்களில் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மிளகுக்கொடி உரசுகிறது என்று கொடியை வெட்டச் சொன்னேன். சத்தம் நிற்கவில்லை. ஆகவே அது கொடியல்ல, சன்னல் சட்டம்தான் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஷெர்வினை என் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"நீ அந்த நாற்காலில உக்காரக்கூடாது கண்ணு."

"ஏனுங்க அத்தை? பேய் புடிச்சுக்குமா?" என்று சிரித்தான். "அதை எடுத்துட்டு ஒரு பிளாஸ்டிக் சேர் போடச் சொல்லுங்க. பிளாஸ்டிக்குல பேய் நிக்காது, வழுக்கிரும்."

"வெளையாடாத."

"வெளையாடலைங்க. அப்பாவும் சித்தப்பாவும் எனக்கு நெனைவு தெரிஞ்ச நாள்ல இருந்து பேசறதில்லை. நான் போய் அங்க உக்காந்தா இந்தப் போட்டி ஒரு வழியா முடியும்ன்னா, கால் மணி நேரம் உக்காந்துட்டு வந்தா என்ன கொறைஞ்சு போச்சு?"

"இதையேதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

இதையேதான் அவனும் சொன்னான். இதே கட்டிலில், ஏறக்குறைய இதே வயதில், காலை ஆட்டிக்கொண்டு. 'நான் உக்காந்துட்டா இவங்க ரெண்டு பேரும் ஓய்ஞ்சிருவாங்கள்ல அக்கா?' என்றான். ஓயவில்லை.

ஷெர்வின் என்னையே பார்த்தான். "சின்னச் சித்தப்பா எப்படிச் செத்தாருங்க?"

"வழுக்கி விழுந்தான். மழை."

"எல்லாரும் சிலுவைப்பாதைக்குப் போனப்ப அவரு மட்டும் பாறைக்கு எதுக்குப் போனாரு?"

"வெறகுக்கு."

"பெரிய வெள்ளிக்கிழமை நம்மூர்ல அடுப்பே பத்தவைக்க மாட்டாங்களே அத்தை. வெறகு எதுக்கு? அப்புறம், வழுக்கி விழறவரு செருப்பைக் கழட்டி மேலே ஒதுக்கமா வச்சுட்டா வழுக்குவாரு? மெளகு பறிக்கற பூவாயி பாத்திருக்குது. எங்கிட்டச் சொல்லுச்சு."

"எந்திரி," என்றேன். "எந்திரிச்சு வெளிய போடா, சந்தியாகு!"

அவன் எழுந்தான். நான் சொன்ன பெயர் அறைக்குள்ளேயே நின்றது. திருத்தி அழைக்கலாம் என்று பார்த்தேன், அவனுடைய பெயர் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தம்பி மகன், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவன் பெயர் எனக்கு வரவில்லை.

"நான் ஷெர்வினுங்க அத்தை," என்றான், மெதுவாக. கதவருகே போய்த் திரும்பினான். "நான் அப்பாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவன் போகிறபோது தோளை ஒரு பக்கம் சாய்த்து நடந்தான். மனுவேலுக்கு அந்த நடை கிடையாது.

நான் சேலை மாற்றிக்கொண்டேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. நாங்கள் கோயிலுக்குப் போகும்போது ஊர் எங்களைப் பார்க்கும்.

---

கோயிலுக்குள்ளும் பனி வந்திருந்தது. சன்னல்களை மூடியும் நிற்கவில்லை. புனிதர்களுடைய சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். பூசையின் தொடக்கத்தில் பாடுகிற உன்னதப் பாட்டோடு மணி அடித்து முடிந்தது. இனி பாஸ்குவரை மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற சூசை உபதேசியார் அதைத் தட்டியபோது பலகையில் ஆணி இறங்குவது போலக் கேட்டது.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் அரைவட்டமாகப் போட்டிருந்தன. முதல் நாற்காலியில் மனுவேல் உட்கார்ந்திருந்தான். மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான் என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். அருளப்பர் நாற்காலிக்காரர் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அந்த இடத்தை இன்னாசி கேட்டு வாங்கியிருந்தான். முதல் நாற்காலி கிடைக்கவில்லையென்றால் அதற்குப் பக்கத்து நாற்காலியாவது. அண்ணனும் தம்பியும் தோள் உரச உட்கார்ந்து, ஒருவன் வலது சுவரையும் மற்றவன் இடது சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா எனக்கு முன்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொரு நாற்காலியும் நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவதில் ஒரு வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருந்தது.

சாமியார் மேலங்கியைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். உபதேசியார் தாம்பாளத்தையும் செம்பையும் கொண்டுவந்தார். சாமியார் கூட்டத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஆண்கள் பக்கத்தில் பின்வரிசையில் ஷெர்வின் எழுந்தான். செருப்பை வாசலில் விட்டிருந்தான். வெறுங்காலோடு நடுப்பாதையில் வந்தான். தோளை ஒரு பக்கம் சாய்த்து.

யாரோ ஒரு பெண்பிள்ளை 'இயேசுவே' என்றாள். மனுவேல் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நாங்கள் ஊர் முன்னால் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை, ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. என் முழங்காலுக்கு அவ்வளவு வேகம் உண்டு என்று எனக்கே தெரியாது. ஷெர்வின் வந்து சேரும்போது நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை," என்றான் அவன்.

"போய் உன் எடத்துல உக்காரு."

"டீச்சரம்மா," என்று உபதேசியார் தாம்பாளத்தோடு ஓடிவந்தார், "இது ஆம்பளைங்க உக்கார்ற..."

"விடுங்க சூசை ஐயா," என்றார் சாமியார். "இப்ப அப்படியில்லை. பொம்பளைங்க காலும் கழுவலாமுங்க."

ஷெர்வின் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். அவன் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபிறகுதான் நான் பெருமூச்சு விட்டேன். இனி என்ன நடந்தாலும் அது எனக்கு நடக்கட்டும். எனக்கு வயதாகிவிட்டது. அந்த நாற்காலிக்கு நான் பயப்படவில்லை. ஒரு மரநாற்காலி. உட்காரும் பலகை மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருந்தது. என் உடம்புச் சூடாக இருக்கும்.

சாமியார் முதலிலிருந்து தொடங்கினார். அரைவட்டத்தில் முதல் நாற்காலியும் கடைசி நாற்காலியும் எதிரெதிரே. இத்தனை வருடம் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து இவர்களுடைய பிடரியைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் முகம் தெரிகிறது. சந்தியாகு அன்றைக்கு இங்கிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

மனுவேலின் காலைக் கழுவினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இன்னாசியின் காலைக் கழுவினார். இன்னாசி கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமியார் அவனை முடித்து அடுத்தவருக்குப் போனபிறகும், அதற்கடுத்தவருக்குப் போனபிறகும், பார்வையை எடுக்கவில்லை. அவன் உதடு அசைந்தது. ஜெபம் சொல்கிறான் என்று நினைத்தேன்.

சாமியார் ஒவ்வொருவராகக் கடந்து வந்து எனக்கு முன்னால் முழந்தாளிட்டார். என் வலது காலைக் கையில் எடுத்தார். தண்ணீர் ஊற்றினார். மலைத்தண்ணீர், எலும்புவரை குளிர்ந்தது.

"அக்கா, எந்திரி!"

இன்னாசி எழுந்து நின்றான். சிறுவயதில் கூப்பிடுவது போல ஒருமையில் கத்தினான்.

"அங்க உக்காராத அக்கா, எந்திரிச்சு வா! அவன் வழுக்கி விழலை. அன்னைக்கு மத்தியானம் அவன் எங்க ரெண்டு பேருகிட்டயும் வந்து..."

மனுவேலின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

பிடித்த வேகத்தைப் பார்த்தேன். கோபத்தில் பிடிக்கிறவன் தள்ளுவான், இழுப்பான். மனுவேல் அப்படிப் பிடிக்கவில்லை. விழப்போகிறவனைப் பிடிப்பது போலப் பிடித்தான். தலையை மட்டும் அசைத்தான், வேண்டாம் என்று. இன்னாசியும் பேச்சை நிறுத்திவிட்டான். என் தம்பிகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தக் குடும்பத்தின் மானத்தை நான் ஒருத்தி காத்து வருகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர்கள் இருவரும் சேர்ந்து வேறு எதையோ காத்திருக்கிறார்கள். என்னிடமிருந்து.

பின்வரிசையில் ஷெர்வின் எழுந்து நின்றான். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பத்து வீட்டாரும் என் வாயைப் பார்த்தார்கள். சாமியார் என் காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். என்ன செய்யட்டும் என்று அவர் கண் கேட்டது.

எழுந்து போய் இன்னாசியின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கலாம்.

"உக்காரு இன்னாசி," என்றேன். "ஊட்டுல போய்ப் பேசிக்கலாம்."

என் முதுகு அந்த நாற்காலியின் சாய்மானத்தைத் தொடவில்லை.

"நீங்க கழுவுங்க, ஃபாதர்."